லென்சு கணக்குகள்: குறி போடுவதிலிருந்து தொலைநோக்கி வரை

லென்சு கணக்கில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இயற்பியல் தெரியாததால் அல்ல, ஒரு கழித்தல் குறி இடம் மாறியதால்தான். சூத்திரத்தை எல்லோருமே மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். எண்ணைப் போடும் முன்பே பிம்பம் எந்தப் பக்கம் விழும், பெரிதாக இருக்குமா சிறிதாக இருக்குமா, நேரா தலைகீழா என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான், வந்த விடை சரியா என்று தேர்வு அறையிலேயே தெரியும். பத்தாம் வகுப்பு ஒளியியலில் தொடங்கி பிளஸ் டூ, நீட் அளவு வரை வரும் லென்சு கணக்குகளை அந்த வழியில் போடுவது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் குறியீடுகள். பாடநூலில் யூ, வி, எஃப், எம் என்று வருபவற்றை இங்கே இப்படி எழுதுகிறோம்:

பொ – லென்சிலிருந்து பொருளின் தொலைவு (யூ)
பி – லென்சிலிருந்து பிம்பத்தின் தொலைவு (வி)
கு – குவியத் தொலைவு (எஃப்)
பெ – உருப்பெருக்கம் (எம்)

சூத்திரங்கள் இரண்டு:

1/பி − 1/பொ = 1/கு
பெ = பிம்பத்தின் உயரம் / பொருளின் உயரம் = பி/பொ

குறி போடும் முறை

கார்டீசியன் குறியீட்டு மரபையே எடுத்துக்கொள்வோம். ஒளி இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் செல்வதாகப் படம் போடுங்கள். எல்லாத் தொலைவுகளையும் லென்சின் ஒளி மையத்திலிருந்தே அளக்க வேண்டும். ஒளி செல்லும் திசையில் அளந்தால் கூட்டல், எதிர்த்திசையில் அளந்தால் கழித்தல். முதன்மை அச்சுக்கு மேலே உள்ள உயரம் கூட்டல், கீழே உள்ளது கழித்தல்.

இதிலிருந்து தானாக வருபவை: லென்சுக்கு முன்னால் வைத்த பொருளுக்கு பொ எப்போதும் கழித்தல். குவிலென்சுக்கு கு கூட்டல், குழிலென்சுக்குக் கழித்தல். மெய்பிம்பத்துக்கு (திரையில் பிடிக்கக்கூடியது) பி கூட்டல், மாயபிம்பத்துக்கு (திரையில் விழாதது) கழித்தல். நேரான பிம்பத்துக்கு பெ கூட்டல், தலைகீழான பிம்பத்துக்குக் கழித்தல்.

இங்கே ஒரு விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தெரிந்த அளவுக்கு மட்டுமே குறி போட வேண்டும். கண்டுபிடிக்க வேண்டிய அளவுக்கு நீங்களாகக் குறி போடக் கூடாது. 'மெய்பிம்பம்தானே, ஆகவே பி-க்குக் கூட்டல். மாயபிம்பம் என்றால் சூத்திரத்திலேயே −1/பி' என்று மாற்றி எழுதுபவர்கள், கடைசியில் வரும் குறிக்கு என்ன பொருள் என்று தெரியாமல் தவிப்பார்கள். பி-யை வெறுமனே பி என்றே விட்டால், விடையின் குறியே மெய்யா மாயமா என்று சொல்லிவிடும்.

வினாவின் சொற்களுக்குள்ளும் குறி ஒளிந்திருக்கும். 'திரையில் பிம்பம் விழுகிறது' என்றால் மெய்பிம்பம்: பி கூட்டல், பெ கழித்தல். 'நேரான பிம்பம்', 'உருப்பெருக்கிக் கண்ணாடியாகப் பயன்படுகிறது' என்றால் மாயபிம்பம்: பி கழித்தல், பெ கூட்டல். 'மூன்று மடங்கு பெரிதான மெய்பிம்பம்' என்று வந்தால் பெ = −3. அதை +3 என்று எடுத்தால் கணக்கு ஒழுங்காக நடந்து, வேறொரு கேள்விக்கான விடை வந்து நிற்கும்.

இரண்டு கலப்படங்கள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, ஆடிச் சமன்பாட்டோடு கலப்பது. ஆடிக்கு 1/பி + 1/பொ = 1/கு, பெ = −பி/பொ. லென்சுக்கு நடுவில் கழித்தல் குறி, உருப்பெருக்கத்தில் குறி இல்லை. இரண்டையும் ஒரே நாளில் படிப்பதால் தேர்வில் ஒன்றின் பாதியும் மற்றதன் பாதியும் சேர்ந்துவிடுகின்றன. இன்னொன்று, இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கப் பாடங்களோடு கலப்பது. அங்கே மெய்ப்பொருளின் தொலைவைக் கூட்டலாக எடுத்து, லென்சுக்கும் கூட்டல் குறியோடுதான் சமன்பாட்டை எழுதுவார்கள். உருப்பெருக்கத்துக்கு முன்னால் ஒரு கழித்தல் இருக்கும். அதுவும் சரியான முறைதான், விடையும் அதேதான். ஆனால் அவர்கள் சூத்திரத்தில் நம் குறிகளைப் போட்டால் எல்லாம் குழம்பும். ஒரு முறையைத் தேர்ந்தெடுத்தால் கடைசி வரை அதிலேயே இருங்கள்.

எண்ணுக்கு முன் மதிப்பீடு

கணக்கைப் படித்ததும் ஒரு கோடு போட்டு, லென்சைக் குறித்து, குவியத்தையும் அதன் இரு மடங்குத் தொலைவையும் இரு பக்கமும் குறித்துவிடுங்கள். பொருள் எந்த இடைவெளியில் இருக்கிறது என்று பாருங்கள்.

குவிலென்சில் பொருள் இரு மடங்கு குவியத் தொலைவுக்கு அப்பால் இருந்தால், பிம்பம் மறுபக்கத்தில் குவியத்துக்கும் இரு மடங்குக்கும் நடுவே சிறியதாகத் தலைகீழாக விழும். சரியாக இரு மடங்கில் இருந்தால் மறுபக்கம் இரு மடங்கில், அதே அளவில். ஒரு மடங்குக்கும் இரு மடங்குக்கும் நடுவில் இருந்தால் பிம்பம் இரு மடங்குக்கு அப்பால், பெரிதாக. குவியத்திலேயே இருந்தால் பிம்பம் முடிவிலியில். குவியத்துக்கு உள்ளே வந்துவிட்டால், பொருள் இருக்கும் பக்கத்திலேயே, பொருளைவிடத் தொலைவில், நேரான பெரிய மாயபிம்பம்.

குழிலென்சில் மெய்ப்பொருளுக்கு ஒரே நிலைதான். பிம்பம் பொருளின் பக்கத்திலேயே, குவியத்துக்கும் லென்சுக்கும் இடையில், நேராக, சிறிதாக இருக்கும். குழிலென்சுக் கணக்கில் பெ ஒன்றைவிடப் பெரிதாக வந்தால் அந்த விடையை நம்பாதீர்கள்.

ஐயம் வந்தால் இரண்டு கதிர்கள் போதும். அச்சுக்கு இணையாக வரும் கதிர் மறுபக்கக் குவியத்தின் வழியே போகும் (குழிலென்சில் முன்பக்கக் குவியத்திலிருந்து வருவது போல விரிந்து போகும்). ஒளி மையத்தின் வழியே வரும் கதிர் வளையாமல் நேராகப் போகும். அரை நிமிட வேலை.

மூன்று அடிப்படைக் கணக்குகள்

12 செ.மீ. குவியத் தொலைவுள்ள குவிலென்சுக்கு முன்னால் 18 செ.மீ. தொலைவில் 2.5 செ.மீ. உயரப் பொருள். பிம்பம் எங்கே, எவ்வளவு உயரம்?

மதிப்பீடு: 18 என்பது 12-க்கும் 24-க்கும் நடுவில் இருக்கிறது. ஆகவே பிம்பம் மறுபக்கம் 24-ஐத் தாண்டி, பெரிதாக, தலைகீழாக விழ வேண்டும்.

பொ = −18, கு = +12.
1/பி = 1/கு + 1/பொ = 1/12 − 1/18 = (3 − 2)/36 = 1/36
பி = +36 செ.மீ.
பெ = 36/(−18) = −2
பிம்பத்தின் உயரம் = −2 × 2.5 = −5 செ.மீ.

36 என்பது 24-க்கு அப்பால், பெ கழித்தல், அளவில் ஒன்றுக்கு மேல். மூன்றும் மதிப்பீட்டோடு ஒத்துப்போகின்றன. இங்கே வழக்கமாகத் தவறு நேரும் இடம் பி-யைக் காணும் அடி: 1/36 என்று வந்ததும் அதைத் திருப்பிப் போட மறந்து, 0.028 செ.மீ. என்று விடை எழுதிவிடுவது. தசமத்துக்குப் போகாமல் மீச்சிறு பொது மடங்கு எடுத்துப் பின்னமாகவே வைத்திருந்தால் இந்தத் தவறு குறையும். 1/12-ஐ 0.083 என்றும் 1/18-ஐ 0.056 என்றும் சுருக்கிக் கழித்தால் 0.027, திருப்பினால் 37. முழு எண்ணாக வர வேண்டிய விடை இப்படித்தான் கெடுகிறது.

அதே லென்சு, பொருள் 8 செ.மீ. தொலைவில்:

1/பி = 1/12 − 1/8 = (2 − 3)/24 = −1/24
பி = −24 செ.மீ., பெ = −24/(−8) = +3

பி கழித்தல் என்பதால் பிம்பம் பொருளின் பக்கத்திலேயே இருக்கிறது. மாயம், நேர், மூன்று மடங்கு. இதே லென்சு முதல் கணக்கில் ஒளிப்பட வீழ்த்தி (புரொஜெக்டர்) போல வேலை செய்தது, இங்கே உருப்பெருக்கிக் கண்ணாடி ஆகிவிட்டது. மாறியது பொருளின் இடம் மட்டும்.

மூன்றாவது, 15 செ.மீ. குவியத் தொலைவுள்ள குழிலென்சு, பொருள் 30 செ.மீ. தொலைவில்:

1/பி = −1/15 − 1/30 = −3/30 = −1/10
பி = −10 செ.மீ., பெ = −10/(−30) = +1/3

பிம்பம் லென்சுக்கும் குவியத்துக்கும் நடுவில், நேராக, மூன்றில் ஒரு பங்கு.

உருப்பெருக்கத்தைக் கொடுத்து இடத்தைக் கேட்டால்

போட்டித் தேர்வுகளில் பிடித்தமான வகை இது. '20 செ.மீ. குவியத் தொலைவுள்ள குவிலென்சு 4 மடங்கு பெரிய பிம்பம் தருகிறது. பொருள் எங்கே?' மெய்யா மாயமா என்று வினா சொல்லவில்லை. ஆகவே விடைகள் இரண்டு, இரண்டையும் எழுத வேண்டும்.

மெய் எனில் பெ = −4, பி = −4 பொ. சமன்பாட்டில் இட்டால் −1/(4 பொ) − 1/பொ = −5/(4 பொ) = 1/20. பொ = −25 செ.மீ., பி = +100 செ.மீ.

மாயம் எனில் பெ = +4, பி = 4 பொ. 1/(4 பொ) − 1/பொ = −3/(4 பொ) = 1/20. பொ = −15 செ.மீ., பி = −60 செ.மீ.

இந்த இரண்டு இடங்களையும் உற்றுப் பாருங்கள்: 25, 15. குவியம் 20-இல் இருக்கிறது. இரண்டும் குவியத்திலிருந்து சரியாக 5 செ.மீ. தள்ளி, ஒன்று வெளியே, மற்றது உள்ளே. இது தற்செயல் அல்ல. சமன்பாட்டைக் கொஞ்சம் மாற்றி எழுதினால்

பெ = கு/(கு + பொ)

என்று வரும். அதாவது, உருப்பெருக்கத்தின் அளவு என்பது குவியத் தொலைவை, குவியத்திலிருந்து பொருள் தள்ளியிருக்கும் தொலைவால் வகுத்தது. 20-ஐ 5-ஆல் வகுத்தால் 4. கொள்குறி வினாவில் இதை மனத்திலேயே போட்டுவிடலாம்: குவியத் தொலைவை மடங்கால் வகு, அந்தத் தொலைவைக் குவியத்தோடு கூட்டினால் மெய்பிம்பத்துக்கான இடம், கழித்தால் மாயபிம்பத்துக்கான இடம். முதல் கணக்கிலும் சரிபார்க்கலாம்: 18 − 12 = 6, 12/6 = 2.

பரப்பைப் பற்றிக் கேட்டால் பெ-யின் வர்க்கம். 36 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள ஒளிப்பட வில்லையை (ஸ்லைடு) 1.8 மீட்டர் அகலத் திரையில் விழச் செய்தால் நீள உருப்பெருக்கம் 50. பரப்பு 2500 மடங்காகிறது. வில்லையில் இருக்கும் அதே ஒளி 2500 மடங்கு பரப்பில் பரவுவதால்தான் வீழ்த்திக்கு அவ்வளவு வலுவான விளக்கு வேண்டியிருக்கிறது. மெய்பிம்பம் தலைகீழானது என்பதால் வில்லையைத் தலைகீழாகச் செருக வேண்டும் என்பதும் இதே கழித்தல் குறியிலிருந்து வருவதுதான்.

பொருளும் திரையும் அசையாமல், லென்சு மட்டும் நகர்ந்தால்

பொருளுக்கும் திரைக்கும் இடைத்தொலைவு 100 செ.மீ. லென்சை இடையில் நகர்த்தினால் இரண்டு இடங்களில் தெளிவான பிம்பம் கிடைக்கிறது. அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே 40 செ.மீ. குவியத் தொலைவு என்ன?

ஏன் இரண்டு இடங்கள்? ஒளியின் பாதையைத் திருப்பினாலும் அதே பாதைதான். ஓரிடத்தில் பொருள் 30, பிம்பம் 70 என்றால், பொருள் 70, பிம்பம் 30 என்பதும் அதே லென்சுக்குப் பொருந்தும். ஆகவே இரு தொலைவுகளின் கூடுதல் 100, வித்தியாசம் 40. தொலைவுகள் 70, 30. இனி வழக்கம்போல:

1/கு = 1/70 + 1/30 = 10/210, கு = 21 செ.மீ.

சூத்திரமாக வேண்டுமானால், இடைத்தொலைவின் வர்க்கத்திலிருந்து நகர்வின் வர்க்கத்தைக் கழித்து, இடைத்தொலைவின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும்: (10000 − 1600)/400 = 21. ஆனால் கூடுதல், வித்தியாசம் என்ற வழி மறக்காது.

இரண்டு பிம்பங்களின் உயரங்கள் 4.9 செ.மீ., 0.9 செ.மீ. என்று கொடுத்துப் பொருளின் உயரத்தைக் கேட்டால், இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 4.41-இன் வர்க்கமூலம் 2.1 செ.மீ. ஒரு நிலையின் உருப்பெருக்கம் மற்றதன் தலைகீழி (7/3, 3/7) என்பதால் பெருக்கும்போது அடிபட்டுப்போகிறது.

இடைத்தொலைவு குவியத் தொலைவின் நான்கு மடங்குக்குக் குறைந்தால் எந்த இடத்திலும் பிம்பம் திரையில் விழாது. செய்முறைத் தேர்வில் லென்சை முன்னும் பின்னும் தள்ளியும் பிம்பம் கிடைக்காமல் பதறுபவர்களின் திரை பெரும்பாலும் பொருளுக்கு மிக அருகில் இருக்கும். 20 செ.மீ. லென்சு என்றால் இடையில் குறைந்தது 80 செ.மீ. வேண்டும், 100 வைத்துத் தொடங்குவது நல்லது.

செய்முறை பற்றிச் சொன்னதால் இதையும் சேர்த்துவிடலாம். தொலைப்பொருள் முறையில் குவியத் தொலைவு காணும்போது 'தொலை' என்பது எவ்வளவு தொலைவு? 20 செ.மீ. லென்சைக் கொண்டு 10 மீட்டர் தள்ளியிருக்கும் மரத்தைத் திரையில் பிடித்தால், பிம்பம் 20.4 செ.மீ.-இல் விழும். பிழை இரண்டு சதவீதம். பள்ளி அளவுகோலுக்கு அது பரவாயில்லை. வகுப்பறைக்குள்ளேயே 2 மீட்டர் தள்ளியிருக்கும் சன்னலைப் பிடித்தால் 22.2 செ.மீ. வரும், பதினோரு சதவீதம் அதிகம். எப்போதும் அதிகமாகத்தான் வரும், குறைவாக வராது. சன்னல் சட்டத்தை விட்டுவிட்டு, சன்னல் வழியாகத் தெரியும் தூரத்துக் கட்டடத்தையோ மரத்தையோ பிடியுங்கள். ஒளியூட்டிய கம்பிவலையைப் பொருளாக வைத்துச் செய்யும்போது, வலையின் கம்பிகள் ஒவ்வொன்றும் திரையில் கூர்மையாகத் தெரியும் வரை திரையை நகர்த்துங்கள்; வெளிச்ச வட்டம் சிறிதாகத் தெரிவது தெளிவான பிம்பம் ஆகாது.

இரண்டு லென்சுகள்

வழி ஒன்றுதான்: முதல் லென்சின் பிம்பமே இரண்டாவது லென்சுக்குப் பொருள். முதல் லென்சைக் கணக்குப் போடும்போது இரண்டாவது லென்சு அங்கே இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

குவிலென்சு, கு = 10 செ.மீ., பொருள் 15 செ.மீ. முன்னால். 1/பி = 1/10 − 1/15 = 1/30. பி = +30, பெ = −2.

இரண்டாவதாக 15 செ.மீ. குவிலென்சு, முதலிலிருந்து 40 செ.மீ. தள்ளி. முதல் பிம்பம் இரண்டாவது லென்சுக்கு 40 − 30 = 10 செ.மீ. முன்னால் இருக்கிறது. ஆகவே பொ = −10. 1/பி = 1/15 − 1/10 = −1/30, பி = −30, பெ = +3. மொத்த உருப்பெருக்கம் இரண்டின் பெருக்கல்: −2 × 3 = −6. கூட்டக் கூடாது.

இப்போது இரண்டாவது லென்சை மாற்றுவோம்: 15 செ.மீ. குழிலென்சு, முதலிலிருந்து 20 செ.மீ. தள்ளி. முதல் பிம்பம் 30 செ.மீ.-இல் விழ வேண்டும், ஆனால் கதிர்கள் அங்கே போய்ச் சேரும் முன்பே குழிலென்சு குறுக்கிடுகிறது. கதிர்கள் குவிய நினைத்த இடம் குழிலென்சுக்கு 10 செ.மீ. பின்னால், ஒளி செல்லும் திசையில். ஆகவே பொ = +10. இதுதான் மாயப்பொருள். பொ கூட்டலாக வரும் ஒரே சூழல் இது. 'பொருள் என்றாலே கழித்தல்' என்று பழகிய கை இங்கேதான் தவறும்.

1/பி = −1/15 + 1/10 = 1/30, பி = +30, பெ = 30/10 = +3, மொத்தம் −6.

குழிலென்சு மெய்பிம்பம் தந்துவிட்டதே என்று திகைக்க வேண்டாம். மெய்ப்பொருளுக்குத்தான் அது தராது; குவிந்துகொண்டு வரும் கதிர்களை முழுவதும் விரிக்க அதற்கு வலு போதாவிட்டால், கொஞ்சம் தள்ளி அவை குவியவே செய்யும்.

திறனும் மூக்குக்கண்ணாடியும்

திறன் = 1/கு; ஆனால் கு மீட்டரில் இருக்க வேண்டும். அலகு டையாப்டர். செ.மீ.-இல் இருந்தால் 100-ஐ கு-ஆல் வகுத்துவிடலாம். ஒட்டி வைத்த லென்சுகளின் திறன்கள் குறியோடு கூடும்: +5-உம் −2-உம் சேர்ந்தால் +3 டையாப்டர், அதாவது 33.3 செ.மீ.

கிட்டப்பார்வை: ஒருவருக்கு 80 செ.மீ.-க்கு அப்பால் தெளிவில்லை. முடிவிலியில் உள்ள பொருளின் பிம்பத்தை லென்சு 80 செ.மீ.-க்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். பொ முடிவிலி, பி = −80. ஆகவே கு = −80 செ.மீ., திறன் = −1.25 டையாப்டர். கண்ணாடிக் கடைச் சீட்டில் 'மைனஸ் ஒன்று புள்ளி இரண்டைந்து' என்று எழுதுவது இதைத்தான். திறன்கள் பொதுவாக 0.25 படிகளில் இருக்கும்.

தூரப்பார்வை, வெள்ளெழுத்து: 1 மீட்டருக்கு அருகில் படிக்க முடியாதவர், 25 செ.மீ.-இல் வைத்துப் படிக்க விரும்புகிறார். பொ = −25 (புத்தகம் இருக்கும் இடம்), பி = −100 (கண்ணுக்குத் தெரியும் இடம்).

1/கு = −1/100 + 1/25 = 3/100, திறன் = +3 டையாப்டர்.

இங்கே பொ, பி இடம் மாறுவதே பொதுவான தவறு. புத்தகம்தான் பொருள். கண் பார்ப்பது பிம்பத்தை. மாற்றிப் போட்டால் −3 வரும், வெள்ளெழுத்துக்காரருக்குக் குழிலென்சு கொடுத்ததாகிவிடும்.

லென்சு செய்பவர் சமன்பாடும் லென்சை வெட்டும் வினாக்களும்

1/கு = (ஒளிவிலகல் எண் − 1) × (1/முதல் ஆரம் − 1/இரண்டாம் ஆரம்). இருபுறக் குவிலென்சில் முதல் பரப்பின் ஆரம் கூட்டல், இரண்டாவதன் ஆரம் கழித்தல். இரண்டும் 20 செ.மீ., ஒளிவிலகல் எண் 1.5 என்றால் 0.5 × 2/20 = 1/20; கு = 20 செ.மீ.

இதையே தண்ணீருக்குள் போட்டால், 1.5-ஐ தண்ணீரின் ஒளிவிலகல் எண்ணான 4/3-ஆல் வகுத்து 1.125 என்ற சார்பு எண்ணைப் பயன்படுத்த வேண்டும். 0.125 × 2/20 = 1/80; கு = 80 செ.மீ., நான்கு மடங்கு. லென்சின் ஒளிவிலகல் எண்ணே கொண்ட திரவத்தில் மூழ்கினால் அது லென்சாகவே இருக்காது. அதைவிட அதிக எண் கொண்ட திரவத்தில் குவிலென்சு விரிக்கும் லென்சாகிவிடும்.

அச்சுக்குச் செங்குத்தாக வெட்டி இரண்டு தட்டைக் குவிலென்சு ஆக்கினால் ஒவ்வொன்றின் குவியத் தொலைவும் இரட்டிப்பு. அச்சின் வழியே வெட்டினால் வளைவுகள் மாறாததால் குவியத் தொலைவும் மாறாது. லென்சின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடினால் பிம்பத்தின் பாதி மறையாது. முழுப் பிம்பமும் இருக்கும், ஒளிச்செறிவு பாதியாகும். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் கதிர்கள் லென்சு முழுவதிலும் விழுகின்றன என்பதை நினைவில் வைத்தால் இந்த வினாவில் யாரும் தவற மாட்டார்கள்.

கோண உருப்பெருக்கம்

இதுவரை பார்த்தது நீள உருப்பெருக்கம். கண்ணோடு சேர்ந்து வேலை செய்யும் கருவிகளில் கேட்பது கோணம்: கருவியோடு பார்க்கும்போது கண்ணில் விழும் கோணம், வெறுங்கண்ணில் விழும் கோணத்தைப் போல எத்தனை மடங்கு? பிம்பம் முடிவிலியில் இருந்தால் நீள உருப்பெருக்கத்துக்குப் பொருளே இல்லை. கோணம் அப்போதும் ஒழுங்கான எண்ணாகவே இருக்கும்.

எளிய நுண்ணோக்கியில் (உருப்பெருக்கிக் கண்ணாடி) பிம்பம் அண்மைப் புள்ளியில் (கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் மிக அருகான இடம், 25 செ.மீ.) என்றால் 1 + 25/கு, முடிவிலியில் என்றால் 25/கு. கு = 5 செ.மீ. எனில் 6, 5. வினாவில் 'கண் தளர்ந்த நிலையில்', 'இயல்பு நிலையில்' என்று வந்தால் இரண்டாவது. அந்த ஒன்றைக் கூட்டுவதா வேண்டாமா என்பதே இந்தப் பகுதியில் பலருக்கும் தகராறு. பிம்பம் எங்கே என்று பார்த்தால் முடிந்தது.

கூட்டு நுண்ணோக்கியில் பொருளருகு லென்சு தருவது குழாய் நீளம்/கு. இங்கே குழாய் நீளம் என்பது பொருளருகு லென்சின் குவியத்திலிருந்து முதல் பிம்பம் வரை உள்ள தொலைவு, இரு லென்சுகளுக்கு இடைப்பட்ட தொலைவு அல்ல. 16 செ.மீ. குழாய் நீளம், 1 செ.மீ. பொருளருகு லென்சு, 5 செ.மீ. கண்ணருகு லென்சு, இறுதிப் பிம்பம் அண்மைப் புள்ளியில்: 16 × 6 = 96 மடங்கு.

தொலைநோக்கிக்கு, இயல்பு நிலையில், பொருளருகு லென்சின் குவியத் தொலைவை கண்ணருகு லென்சின் குவியத் தொலைவால் வகுக்க வேண்டும். கருவியின் நீளம் இரண்டின் கூடுதல். 'உருப்பெருக்கம் 20, நீளம் 105 செ.மீ.' என்றால் 21 பங்கு 105, ஒரு பங்கு 5. ஆகவே 5 செ.மீ., 100 செ.மீ. நுண்ணோக்கியில் பொருளருகு லென்சின் குவியத் தொலைவு குறைந்தால் நல்லது, தொலைநோக்கியில் கூடினால் நல்லது. கொள்குறி வினாக்கள் இந்த எதிர்மறையைத்தான் சோதிக்கும்.

அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் 1897-இல் திறக்கப்பட்ட பெரிய லென்சுத் தொலைநோக்கியின் விட்டம் 102 செ.மீ., குவியத் தொலைவு ஏறத்தாழ 19.4 மீட்டர். அதில் 4 செ.மீ. கண்ணருகு லென்சைப் பொருத்தினால் 1940/4 = 485 மடங்கு. விட்டமான 102 இந்த வகுத்தலில் எங்கும் வரவில்லை. வினாவில் விட்டம் கொடுத்திருந்தால் அது ஒளி சேகரிப்பதைப் பற்றியோ பிரிதிறனைப் பற்றியோ கேட்கும் அடுத்த பிரிவுக்காக இருக்கும். இரு மடங்கு விட்டம் நான்கு மடங்கு ஒளியைச் சேர்க்கும், அருகருகே உள்ள இரண்டு விண்மீன்களை இரு மடங்கு நுட்பமாகப் பிரித்துக் காட்டும். உருப்பெருக்கத்தை மட்டும் அது தொடுவதே இல்லை.